இரண்டு கதவு போதும்

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையில் கடும் பனி. குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. பஸ்ஸில் இடமில்லை, அக்கரப்பத்தனை வரை நின்றே பயணம். பக்கத்தில் நின்ற பெண்ணின் பையிலிருந்து கருவாட்டுத் தண்ணீர் என் சேலையில். தபால் கந்தோரில் நாள் முழுக்க அந்த வாடை. மின்சார பில் கட்ட வந்தவர் மூக்கைச் சுளித்தார், நான் என்னவோ கருவாட்டில் குளித்துவிட்டு வேலைக்கு வருகிறவள் மாதிரி.

முடிவு எடுத்தாயிற்று. கார். இந்த வருடமே.

எப்படிப்பட்டது:
– கதவு இரண்டு. மூன்றாவதும் நான்காவதும் வேண்டவே வேண்டாம்.
– கியர் கையால் போடுவது.
– முப்பது இலட்சத்துக்குள். மேலே ஒரு சதம் கிடையாது.
– வெள்ளை நிறம் வேண்டாம். வெள்ளை என்றால் ஹயர் வண்டி என்று நினைத்துக் கை காட்டுவார்கள்.
– போகும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். (இது யாருக்கும் சொல்வதற்கில்லை.)

ஸ்போர்ட்ஸ் கூப்பே என்று பெயர். ஏப்ரல் சீசனில் கொழும்பு ஆட்கள் நுவரெலியாவுக்குக் கொண்டுவருவார்கள். தாழ்வாக, நீளமாக. பின்னால் ஒரு சீட் இருக்கும், பெயருக்கு. புதியதை நினைத்தும் பார்க்க முடியாது. எனக்குக் கட்டுப்படியாவது என் கல்யாண வயதில் ஜப்பானில் செய்தது.

எனக்கு நாற்பத்தாறு வயது. இதுவரை ஏறிய எந்த வண்டியிலும் என் மடியில் யாருடைய பையாவது, பிள்ளையாவது இல்லாமல் இருந்ததில்லை. ஒரு தடவை சேவல்.

பெப்ரவரி 4, புதன்

விடுமுறை. நியாஸ் நானாவுடன் நுவரெலியா. நானாவுக்கு ஹட்டனில் கராஜ். நான் ஓட்டப் பழகியதும் அவருடைய பழைய காரில்தான், ஞாயிற்றுக்கிழமைகளில். லைசன்ஸ் எடுத்து மூன்று வருடம்.

நானாவின் சாமான்கள்: டோர்ச், ஸ்க்ரூ டிரைவர், நூலில் கட்டிய காந்தம். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லையாம், பட்டி பூசி மறைத்திருக்கிறார்களாம்.

கார் சிவப்பு. பார்த்ததும் பிடித்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் முன் விளக்குகள் இரண்டும் கண் திறப்பது போல எழும்ப வேண்டும். இடது பக்கம் மட்டும் எழும்பியது. சொந்தக்காரர் ஓடிப்போய் வலது பக்கத்தைக் கையால் தூக்கிவிட்டார்.

“குளிருக்கு மேடம்” என்றார்.

நானா உள்ளே குனிந்து கால் மிதி விரிப்பைத் தூக்கினார். கீழே புல் தெரிந்தது.

“தங்கச்சி, இது ஓட்டுற காரில்ல. கால வெளிய போட்டு நடக்கிற கார்.”

வேண்டாம் என்று எனக்கும் தெரிந்தது. ஆனாலும் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். சத்தம் எல்லாம் வெளியே. மடியில் ஒன்றுமில்லை. மூன்று நிமிடம் இருந்திருப்பேன். இறங்க மனமே வரவில்லை.

திரும்பி வர பஸ். நின்றே.

பெப்ரவரி 5, வியாழன்

மேகம். துணி காயவில்லை.

அண்ணி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து: “பரமேசு, வேன் எடுக்கிறியாமே? ஒங்க அண்ணன் ஊரு பூரா சொல்லிட்டு வந்துட்டாரு.”

வேன் என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. நானாவிடம் போனில் வண்டி, வண்டி என்று பேசியது காதில் விழுந்திருக்கிறது. அண்ணனுக்கு வண்டி என்றால் வேன். தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் அல்லவா, எதையும் இருபது பேரை வைத்துத்தான் நினைப்பார்.

அவரைச் சும்மா குறை சொல்லவும் முடியாது. போன வருடம் மழையில், பள்ளத்து வரிசை வீடுகளில், பணிய லயத்தில் இருக்கும் ராமாயி அக்காவுக்குப் பாரிசவாதம் அடித்தது. ரோடு மோசம் என்று ஆட்டோ வரவில்லை. அண்ணனும் மூன்று பேரும் கம்பளியில் போட்டு மெயின் ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்றார்களாம் ஆஸ்பத்திரியில். அக்காவின் வலது கை இன்றுவரை எழும்பவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து வேன் ஒன்று எடு, எடு என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

அண்ணியிடம் “இல்லை, வேன் இல்லை” என்று சொல்லியிருக்க வேண்டும். “ம்” என்றேன். இந்த “ம்”தான் எனக்கு எமன். இதே “ம்”மைச் சொல்லித்தான் வீட்டுக் கூரை, மருமகளின் வகுப்புக் காசு, அண்ணனின் கண் ஒபரேஷன் எல்லாம் என் காசில் முடிந்தது. அதையெல்லாம் மனதோடுதான் செய்தேன். இது வேறு.

பெப்ரவரி 7, சனி

அரை நாள் வேலை. பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் தோட்ட ரோட்டை அளந்தேன். கையில் கந்தோர் அடிமட்டம், பன்னிரண்டு அங்குலம். கூப்பேயின் வயிறு தாழ்வு, கல் இடித்தால் போச்சு என்று நானா சொல்லியிருந்தார். முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக.

மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

“என்னா மிஸ், ரோட்டுக்குச் சட்ட தைக்கப் போறீங்களா?”

“கை வச்ச சட்டயா, கையில்லாத சட்டயான்னு கேட்டு தைங்க!”

வேலை பார்க்க வைக்கும் கண்டாக்கையா அதட்டும்வரை சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

அளவு: மோசமான கல் ஐந்தரை அங்குலம், மதகுக்குப் பக்கத்தில். மற்றதெல்லாம் நாலுக்குள். மதகுக் கல்லை அலவாங்கு போட்டுப் புரட்ட ஆள் பிடிக்க வேண்டும்.

வீட்டு வாசலில் அண்ணன், மண்வெட்டியோடு. மண் திட்டை வெட்டுகிறார். வேன் நிறுத்த இடமாம்.

பெப்ரவரி 8, ஞாயிறு

ஹட்டன். வெள்ளி நிறக் கார். பளபளப்பு. பின் குழாய் என் சோற்றுப் பானை அகலம். ஸ்டார்ட் பண்ணினதும் கடைத்தெருவே திரும்பியது. நான் கேட்ட “நாலு பேர்” இவ்வளவு இல்லை.

ஸ்பிரிங்கை வெட்டிக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அடிமட்டத்தை வைத்தேன். நாலு அங்குலம்.

கியரும் தானாக மாறுவது. நானா உதட்டைப் பிதுக்கினார். “பேட்டரி செத்துப்போனா தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் ஏலாது தங்கச்சி. நம்ம மலைக்கு இது சரிவராது.”

பிளேன்டி, வடை. வடையில் எண்ணெய் அதிகம். இன்னொன்று இருக்கிறதாம், கினிகத்தேனைக்குக் கீழே பொல்பிட்டியவில். அடுத்த ஞாயிறு.

பெப்ரவரி 11, புதன்

அண்ணன் வெட்டி முடித்துவிட்டார். காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போக முன்னாலும் வேலை முடிந்த பிறகும், தனியாக, ஐந்து நாள். தட்டை. பக்கச் சுவருக்குக் கருங்கல் அடுக்கி, மழைத் தண்ணீர் போகக் கான் வெட்டி. ரசமட்டம் வைத்துக் காட்டினார். குமிழி நடுவில் நின்றது, அசையவில்லை. எங்கள் மலையில் இவ்வளவு சமமான இடம் வேறு எங்கேயும் கிடையாது, சத்தியமாக.

“பதினாலு சீட்டு வேன் தாராளமா நிக்கும்” என்றார்.

இன்றைக்கும் சொல்லாவிட்டால் என்றைக்கு.

“அண்ணே, வேன் இல்ல. கார்.”

“சரி, கார்ல அஞ்சு பேரு போவலாம்.”

“ரெண்டு கதவு கார்ணே.”

“மிச்ச கதவு எங்க?”

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். போனில் படம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். சிரிப்பு மெல்லப் போனது.

“இதுல ராமாயிய எப்பிடிப் படுக்க வப்ப?”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மண்வெட்டியைக் கழுவப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெப்ரவரி 15, ஞாயிறு

பொல்பிட்டிய. கீழே போகப் போக வெயில். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

குணதாச மாத்தயா, மின் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். செங்குத்தான ஒழுங்கை, முடிவில் அவர் வீடு. வாசலில் மூக்கைப் பள்ளத்துப் பக்கம் வைத்துக் கார். கடும் பச்சை, தேயிலையின் முற்றின இலை மாதிரி. இரண்டு கதவு.

நானா ஒன்றரை மணி நேரம் பார்த்தார். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. மிதிக்குக் கீழே தகரம். எண்ணெய் மூடிக்குள் வெள்ளை நுரை இல்லை. எஞ்சின் நம்பரும் சேஸி நம்பரும் புத்தகத்தோடு சரி. புத்தகத்தில் அவர் பெயரே இருக்கிறது, இடையில் கைமாறிய ஆட்கள் இல்லை. வயிறு: ஆறு அங்குலம்! அடிமட்டத்தை முத்தமிடாத குறை.

ஓட்டிப் பார்த்தோம். நானா ஏறினார், பிரேக்கை விட்டார், உருண்டது, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டார், எஞ்சின் பிடித்துக்கொண்டது. கினிகத்தேனை வரை போய்த் திரும்பினோம். பாதி வழி நான் ஓட்டினேன். வளைவில் அப்படியே ஒட்டிக்கொண்டு போகிறது. திரும்பி வந்ததும் நானா மூடியைத் திறந்து வைத்து ஓடுகிற எஞ்சினைக் காதால் கேட்டார்.

“பழசுதான். ஆனா வீட்டுக்காரன் நல்லாப் பாத்திருக்கான்.”

கேட்பது முப்பத்தொன்று. மாத்தயாவின் மனைவி பப்பாசி வெட்டித் தந்தார். கண்டியிலிருந்து ஒருவர் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறாராம். எனக்கு வந்த சிங்களத்தில் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பெப்ரவரி 18, புதன்

கந்தோரில் முத்திரையைத் தலைகீழாகக் குத்தினேன், இரண்டு கடிதத்தில்.

வாங்க வேண்டாம் என்பதற்கு:
– ராமாயி அக்கா.
– அண்ணன்.
– பழைய கார், பார்ட்ஸ் கிடைக்காது.
– இந்த வயதில் இது என்ன கூத்து என்று பேசுவார்கள்.

வாங்க:
– வேண்டும்.

மற்றப் பக்கத்தில் வேறு ஒன்றும் எழுத வரவில்லை. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மாத்தயாவுக்குப் போன் பண்ணி முப்பது என்றேன். சரி என்றார்.

பெப்ரவரி 22, ஞாயிறு

கொண்டுவந்துவிட்டேன்.

மாத்தயா சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய் வைத்தார், நானும் கும்பிட்டேன். ஒழுங்கை இறக்கத்தில் உருண்டு எஞ்சின் எழும்பியது. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை. ஹட்டன் வரை நானா பக்கத்தில். பிறகு நான் தனியே. கண்ணாடியைத் திறந்துவிட்டேன், குளிர் அடித்தாலும். வாய்விட்டுப் பாடினேன். எனக்குப் பாட்டு வராது. கேட்க யார் இருக்கிறார்கள்?

எங்கள் ரோட்டில் கல் ஒன்றும் இடிக்கவில்லை. லயத்து ஆட்கள் எல்லாம் வெளியே. வந்த பேச்சு: “சினிமாக் காரு.” “தவள குந்திக்கிட்டு இருக்க மாதிரி இருக்கு.” “மிஸ், மிச்சம் பின்னாடி வருதா?”

அண்ணன் வெட்டின இடத்தில் நிறுத்தினேன். அவர் வெளியே வரவில்லை. ஜன்னல் சீலை மட்டும் அசைந்தது.

பெப்ரவரி 23, திங்கள்

சாவியைத் திருப்பினேன். டக். இன்னொரு தரம். டக். அவ்வளவுதான். இருபது தரம் டக்.

நாலு பேர் சேர்ந்து ரோட்டுக்குத் தள்ளினார்கள். இறக்கத்தில் உருட்டி எடுத்தேன். குளிருக்கு என்று சொல்லிவைத்தேன். அந்தச் சிவப்புக் கார்காரர் சொன்ன அதே பொய்.

மத்தியானம் நானாவுக்குப் போன். பேட்டரியா, வயரா என்று பத்துக் கேள்வி கேட்டார். கடைசியாக இதைக் கேட்டார்:

“தங்கச்சி... அண்டைக்கு நாம சாவியில ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தமா?”

இல்லை. மூடிக்குக் கீழே, மிதிக்குக் கீழே, புத்தகத்துக்குள் எல்லாம் பார்த்தோம். சாவியைத் திருப்பிப் பார்க்கவில்லை. மலையில் நாங்கள் எல்லாரும் பள்ளத்துப் பக்கம் மூக்கை வைத்துத்தான் நிறுத்துகிறோம், உருட்டித்தான் எடுக்கிறோம், பேட்டரியை மிச்சம் பிடிக்க. நானாவும் முப்பது வருடமாக அப்படியே. கை தன்பாட்டில் செய்துவிட்டது. சமவெளிக்காரன் ஒருத்தன் கூட இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்திருப்பான்.

மாத்தயாவுக்கும் எடுத்தேன். “அனே நோனா” என்று பதறிவிட்டார். சாவியில் அவர் எடுத்து ஐந்தாறு வருடமாம். அது வேலை செய்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியாது. நெஞ்சறிந்து ஏமாற்றவில்லை, குரலில் தெரிந்தது. ஸ்டார்ட்டருக்குப் பாதிக் காசு தருகிறேன் என்றார்.

ஸ்டார்ட்டர் மோட்டார் கொழும்பில் பஞ்சிகாவத்தையில்தான் தேட வேண்டும். இரண்டு, மூன்று கிழமை. அதுவரை இறக்கம்தான். மாரியம்மன் கோயில் வளைவு நல்ல இறக்கம். அங்கேதான் நிறுத்துவேன். ஒருவரிடமும் மூச்சு விடப்போவதில்லை. முப்பது இலட்சம் கொடுத்து ஸ்டார்ட் ஆகாத காரை வாங்கினாள் என்று ஊர் சொல்லிச் சிரிக்க நான் இடம் கொடுக்க மாட்டேன்.

பெப்ரவரி 27, வெள்ளி

மழை இல்லை. காலையில் வீட்டிலிருந்து கோயில் வரை நடை, பிறகு கார். பஸ்காலத்து நடையை விடக் கூட. பரவாயில்லை. கந்தோருக்கு முன்னாலும் நல்ல இறக்கம்.

இரண்டு கதவு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். என் அறிவே அறிவு. பணிய லயத்து மாரிமுத்து மகன் கல்யாணத்துக்குக் காரைக் கேட்கிறார்.

“மாப்ளயும் பொண்ணும் ரெண்டே பேருதான மிஸ்.”

“ஓட்டுற நானு?”

யோசித்தார். “மாப்ளய பின்னாடி வச்சிரலாம்.”

மாப்பிள்ளை ஆறடி. அந்தப் பின் சீட்டில் அவரை வைத்தால் வெளியே எடுக்க நானாவின் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். முடியாது என்றேன். சொன்னேன்! “ம்” இல்லை, முடியாது. மாரிமுத்து கோபிக்கவும் இல்லை, சிரித்துக்கொண்டே போய்விட்டார். இவ்வளவு இலகுவா இது?

மார்ச் 1, ஞாயிறு

அண்ணன் பேசுவதில்லை. ஏழு நாள். காரைப் பற்றித்தான் என்று நினைத்தேன். அது மட்டும் இல்லை.

அண்ணி சொன்னார்: “ஒரு ராவு நிப்பாட்டுன. மறுநா எடுத்துக்கிட்டுப் போயி கோயில்ல போட்டுட்ட. அவரு ஒடம்ப முறிச்சி வெட்டுனது ஒனக்கு ஆவலயா? பெரட்டுல கேக்குறாங்களாம், தலவரே, தங்கச்சி ஒங்க எடத்துல நிப்பாட்ட மாட்டாங்களாமேன்னு.”

வாயைத் திறந்தேன். ஸ்டார்ட்டர் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வரவில்லை. வீம்பு. அவர் சொன்ன வேனை விட்டுவிட்டு இதை வாங்கினேன், இப்போது இது எழும்பாது என்று எப்படிச் சொல்வது?

பின்னேரம் வெளியே வந்து பார்த்தால் அண்ணன் அந்த இடத்தைக் கொத்தி, எரு போட்டு, லீக்ஸ் நட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு வரிசை. என் பக்கம் திரும்பவே இல்லை.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அப்பா போன பிறகு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் தன் படிப்பை விட்டவர். ஒரே அண்ணன்.

மார்ச் 4, புதன்

வேலை விட்டு வர, கோயில் வளைவில் ராமாயி அக்கா. காரைச் சுற்றிவந்து இடது கையால் தடவிப் பார்த்தார்.

“நல்ல பச்ச. எவ்ளோ பேரு போவலாம்?”

“ரெண்டு பேரு அக்கா. நீங்க படுத்துக்கிட்டுப் போவ முடியாது.” எனக்கே வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

“அடியே, நான் ஏன் படுக்கணும்? ஒருக்கா படுத்தது போதும்.” காறித் துப்பினார், கார் மேல் படாமல். “ஒங்கண்ணன் என்னய சொல்லித்தான் ஒன்னய வேன் வாங்கச் சொன்னானாமே. அன்னைக்கு வண்டி இல்லாமயா போச்சி? கொழுந்து லொறி ஸ்டோரு வாசல்ல சும்மா நின்னுச்சி. தோட்டத்துத் தொர சொல்லாம சாவி தர மாட்டேன்னுட்டாங்க. தொரைக்கு போன் போவல. அம்புட்டுத்தான் கத.”

“அண்ணன் அத சொல்லலயே.”

“எப்பிடிச் சொல்லுவான்? தலவரு. தொரகிட்ட அப்பறமாவது வண்டி கேட்டிருக்கணும்ல. இன்னைக்குக் கேக்கலாம் நாளைக்குக் கேக்கலாம்னு வருசமாச்சி.”

லொறி. தேயிலை ஸ்டோர் வாசலில். எனக்கு ஒரு வருடமாகத் தெரியாது. தோட்டத்து வண்டி நின்றுகொண்டிருக்க, என் பதினாறு வருடச் சேமிப்பில் நான் வேன் வாங்க வேண்டுமாம்.

மார்ச் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அண்ணன் லீக்ஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

முதலில் ஸ்டார்ட்டர். “அண்ணே, கார் சாவியில எழும்பாது. உருட்டித்தான் எடுக்கணும். நீங்க வெட்டுன எடம் தட்டையா இருக்கு. அதான் கோயில்ல நிப்பாட்டுறேன். வேற ஒண்ணும் இல்ல.”

பதினான்கு நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்தார்.

“இத சொல்ல ஒனக்கு வாய்ல என்னா கொழுக்கட்டயா?”

“ஏமாந்துட்டேன்னு சிரிப்பிங்க.”

“சிரிக்காம?” சிரிக்கவில்லை. “வேன் வாங்கியிருந்தா இந்தத் தலையெழுத்து இல்ல.”

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. குரல் உயர்ந்துவிட்டது. அண்ணி வெளியே வந்தார், பக்கத்து வீட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள், வரட்டும்.

“வேன் நான் வாங்கணுமா? நோயாளிய ஏத்த வண்டி தோட்டம் குடுக்கணும். லொறி நின்னுச்சாமே, ராமாயி அக்கா சொன்னாங்க. எங்கிட்ட வேன் வேன்னு ஒரு வருசமா கேட்டிங்க. தொரகிட்ட ஒரு நாளு கேட்டிங்களா? தங்கச்சின்னா கேக்க லேசு. ‘ம்’முன்னு சொல்லுவா. இந்தத் தடவ ‘ம்’ இல்லண்ணே.”

வாளியைக் கீழே வைத்தார். முகம் கறுத்துப்போனது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் தலைவரை அவர் வாசலில், ஆட்களுக்கு முன்னால் கேட்டிருக்கக் கூடாது. என் வாய்.

மார்ச் 10, செவ்வாய்

சீனி முடிந்தது. முட்டை ஆறு. குடைக்குக் கம்பி மாற்ற வேண்டும்.

அண்ணன் வீட்டில் இல்லை. காலையும் பின்னேரமும் லயம் லயமாகப் போகிறாராம். என்னைப் பற்றித்தான் சொல்லித் திரிகிறாரோ என்று நினைத்தேன். அண்ணியிடம் கேட்கப் பயம்.

நானா: ஸ்டார்ட்டர் கிடைத்திருக்கிறது, வேறு மொடல், பொருந்துமோ தெரியாது.

மார்ச் 12, வியாழன்

தூறல். கந்தோரில் கூட்டம், முதியோர் கொடுப்பனவு நாள். மூன்று மணி இருக்கும், வரிசையில் அண்ணன். சலவைச் சட்டை, வேட்டி. என் கந்தோருக்கு அவர் வந்ததே இரண்டு தரமோ மூன்று தரமோ. முன்னால் வரச் சொல்லி ஒரு தாத்தா இடம் விட்டார். வேண்டாம் என்று வரிசையிலேயே நின்றார். எனக்குக் கூட்டல் பிழையாகிவிட்டது, திரும்பக் கூட்டினேன்.

முறை வந்தது. கண்ணாடிக்குக் கீழே பெரிய உறைகளைத் தள்ளினார்.

“ரெஜிஸ்டர் பண்ணணும்.”

இரண்டு உறை. ஒன்று தோட்டத் துரைக்கு, ஒன்று கொழும்பில் கம்பனித் தலைமைக் கந்தோருக்கு. அண்ணனின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே நிற்கும். தராசில் வைத்தேன். சாதாரணக் கடிதத்துக்கு இல்லாத பாரம்.

“உள்ளுக்கு என்னா?” கேட்கக் கூடாது, விதி. கேட்டேன்.

“கையெழுத்து. எல்லா லயமும். ராமாயி எடது கையால போட்டிருக்கா.” காசை எடுத்து வைத்தார். “வேன் கேட்டு எழுதியிருக்கேன். ராவு பகலு தோட்டத்துல நிக்கணும், சாவி டிரைவர்கிட்ட இருக்கணும்னு. ஒரு மாசத்துல பதில் இல்லாட்டி கொழுந்து எடுக்க மலைக்குப் போவ மாட்டோம்.”

“சரிண்ணே.”

“ஒங்கிட்ட கேக்கல.”

முத்திரை குத்தினேன். இந்த முறை நேராக. இரசீதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மிச்சச் சில்லறையை எண்ணிப் பார்த்தே எடுத்தார்.

நாலரைக்குப் பூட்டிவிட்டு வர, காருக்குப் பக்கத்தில் குடையோடு நிற்கிறார். “கதவ எப்பிடித் தொறக்கிறது?” குனிந்து ஏறும்போது தலையை இடித்துக்கொண்டார், காரைத் திட்டினார், உட்கார்ந்தார். பிரேக்கை விட்டேன். உருண்டது. எழும்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், எனக்குத் தெரியும். பாலத்தடி பஸ் நிறுத்தத்தில் நல்ல கூட்டம், மழை வேறு. எங்கள் தோட்டத்து ஆட்கள் மூன்று, நாலு பேர். தலைவரைக் கண்டுவிட்டுக் கை காட்டினார்கள். பழக்கத்தில் என் கால் பிரேக்குக்குப் போனது.

“நிப்பாட்டாத” என்றார் அண்ணன். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே போட்டுக் கத்தினார்: “எடமில்ல! தங்கச்சி காரு!”